படுக்கையறையில் 140

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டில் தலைமாட்டில் வைத்த மின்புலம் அளக்கும் கருவியில் 140, சிவப்பு விளக்கு வேறு. "அதனால்தான் பக்கத்து அறையில் படுக்கிறேன்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறாய். அம்மா அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். நான் கருவியைப் பற்றி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அது.

அந்த 140 மின்புலம். ஒரு மீட்டர் தூரத்துக்கு இத்தனை வோல்ட் என்ற கணக்கு. கம்பியில் மின்னழுத்தம் இருந்தாலே காட்டும். விளக்கு எரிய வேண்டும் என்பதில்லை. மின்சாரம் ஓடும்போது வருவது காந்தப்புலம். அது மைக்ரோடெஸ்லா என்ற அலகில் கீழே தனியாக இருக்கிறது, உன் படத்தில் ஒன்றுமே இல்லை என்கிற அளவு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்துக்கு ஐசிஎன்ஐஆர்பி என்ற கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010இல் பொதுமக்களுக்குச் சொன்ன எல்லை அதே கணக்கில் 5,000. சிவப்பு விளக்கு எரியும் அளவு, கருவி செய்த கம்பெனிக்காரன் வைத்தது. நெய்வேலி பக்கம் 400 கிலோவோல்ட் கோபுரக் கம்பிகளுக்கு அடியில் சில ஆயிரம் காட்டும். அங்கேதான் மல்லாட்டைச் செடி பிடுங்குகிறார்கள்.

முதலில், அதைக் கையில் பிடித்து அளக்காதே. உடம்பு பக்கத்தில் இருந்தால் புலம் மாறிவிடும், எண்ணும் மாறும். மர ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார். பிறகு லேப்டாப் சார்ஜரைப் பிளக்கோடு கழற்று. இரண்டு முள் பிளக்குக்கு எர்த் கிடையாது, எண் ஏறத்தான் செய்யும். மேசை விளக்கின் சுவிட்ச் லைன் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் இருந்தால் அணைத்த பிறகும் காட்டும். சுவரை விட்டுக் கட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் போட்டாலே குறையும். சுவிட்ச் போர்டை நீ திறக்காதே. மாப்பிள்ளையை விட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல், எர்த்தைப் பார்க்கட்டும்.

இதற்குப் போய் அறையை மாற்றுவார்களா? பிளஸ் டூ இயற்பியலில் பள்ளியிலேயே முதலாக வந்தவள் நீ. 2011இல் தானே புயலுக்குத் தெருவெல்லாம் கம்பம் சாய்ந்து கிடந்தபோது, லைன் ஆஃப் என்று நான் வந்து சொல்லும்வரை தம்பியை வாசல் தாண்ட விடாமல் பிடித்து வைத்திருந்தவள். எல்லோரிடமும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால் "நன்றாக இருக்கிறோம் மாமா" என்பதோடு சரி.

பண்ருட்டி அத்தை முந்திரி கொடுத்திருக்கிறாள், பார்சலில் போடுகிறேன். தங்கைக்குத் தையில் வளைகாப்பு. இருவரும் வர வேண்டும். இருவரும்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு, கையில் பிடிக்காமல், ஸ்டூலில் வைத்து, அந்த அறையில் மறுபடியும் அளந்து படம் அனுப்பு. எண் குறைந்த பிறகும் அந்த அறைக்குத் திரும்ப மனம் வரவில்லை என்றால், அதை எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுது.

அப்பா