2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: நாட்டுக்கோழிக் கால்வழிகளும் தாய்க்கோழித் தேர்வும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது நாட்டுக்கோழி வளர்ப்போர் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையை இந்த ஆண்டுப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்க இருக்கிறார். செயற்குழுக் கூட்ட நடவடிக்கைகள் அவ்வப்போது உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு ஒப்புதல் பெற்றவை. எனவே அவற்றைத் திரும்பச் சொல்லாமல், நாம் ஓராண்டாக முழு மூச்சாகச் செய்துவரும் இனத்தேர்வுப் பணியைப் பற்றியே விரிவாக எழுதியுள்ளேன்.

இவ்வாண்டின் பருவநிலை கோழி வளர்ப்புக்குச் சாதகமாக இல்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாமல் ஜூலை கடைசியில்தான் திறக்கப்பட்டதால், ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஊர்களில் குறுவை சுருங்கியது. களத்தில் சிந்தும் நெல்லும் கருக்காயும் கோழிகளுக்குக் குறைந்தன. நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலையொட்டிப் பெய்த மழையில் சம்பா வயல்களோடு கொல்லைப்புறங்களிலும் தண்ணீர் தேங்கி, ஈரத் தரையில் இருந்த இளங்குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் கண்டது. உமியையோ வைக்கோலையோ மாற்றி மாற்றிப் போட்டுத் தரையை உலர வைத்திருந்த வீடுகளில் இழப்பு குறைவாக இருந்தது என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கார்த்திகை மழையில் குஞ்சு இறங்காதபடி அடை வைக்கும் காலத்தைத் தை, மாசி, பங்குனிக்குத் தள்ளிக்கொள்வதே நம் பகுதிக்கு ஏற்றது. சம்பா அறுவடை முடிந்த வயலில் தாயும் குஞ்சுகளுமாக மேய்வதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

இனி முதன்மையான பணிக்கு வருகிறேன். நம் பகுதியில் ஒரு கோழிக் கூட்டத்தின் மதிப்பைச் சேவலை வைத்தே பேசுவது வழக்கம். பெருவிடை என்ற பேருருவ வகைச் சேவலின் எடை, கால் நீளம், கழுத்துத் திண்மை, கொண்டைப் பூவின் வடிவம், காகம், கீரி, மயில் என்ற நிற வகை ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுகிறோம்; கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்கு அலகின் வளைவையும் வாலின் நீளத்தையும் பார்க்கிறோம். பெட்டையைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலர். ஆனால் வீட்டுக்குப் பயன்படும் குணங்களான முட்டை எண்ணிக்கை, அடை நிலைப்பது, குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் ஆளாக்குவது எல்லாம் பெட்டையிடம் வெளிப்படுபவை. அவற்றைச் சேவலின் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் சேவலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதன் தாயின் கணக்கைப் பார்ப்பது என்ற முடிவைச் சென்ற பேரவையில் எடுத்தோம். இந்த ஆண்டு அதைச் செயலுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இம்முடிவுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. உடல் எடை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாக இறங்கும் குணம். பெரிய பறவைகளை மட்டும் இணை சேர்த்தால் சில தலைமுறைகளிலேயே எடை கூடிவிடும். முட்டை எண்ணிக்கையும் குஞ்சு பொரிக்கும் திறனும் அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. தீனி, பராமரிப்பு, பருவம் ஆகியவற்றின் பங்கு அவற்றில் அதிகம் என்பதால், ஒரு பறவையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அதன் தாய், உடன்பிறந்த பெட்டைகள் ஆகிய எல்லாவற்றின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேலும், எடையும் முட்டை எண்ணிக்கையும் பொதுவாக ஒன்றுக்கொன்று எதிராகச் செல்பவை. எடையை மட்டுமே துரத்தினால், சந்தையில் நல்ல விலைக்குப் போகும் சேவல்கள் கிடைக்கும் அதே வேளையில், முட்டை குறைந்து, அடையில் உட்கார்ந்தால் தன் கனத்தாலேயே முட்டையை உடைக்கும் பெட்டைகளும் வந்து சேரும். பெருவிடை வைத்திருப்பவர்கள் பலர் தங்கள் முட்டைகளைச் சிறுவிடை என்ற சிற்றுருவ வகைக் கோழியின் அடியில் வைப்பதற்கு இதுவே காரணம்.

தாயின் கணக்கைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனிதரில் ஆணுக்கு இருவேறு பால் குரோமோசோம்கள் இருப்பதுபோலக் கோழியில் பெட்டைக்கு இருவேறு குரோமோசோம்கள் உள்ளன. சேவலுக்கு இரண்டும் இசட் குரோமோசோம்களே. பெட்டை தன்னிடமுள்ள ஒரே இசட் குரோமோசோமை மகனுக்கு மட்டுமே தருகிறது, மகளுக்குத் தருவதில்லை. அந்தக் குரோமோசோமில் உள்ள குணங்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல தாய்க்கோழியின் சிறப்பு அதன் மகனான சேவல் வழியாகத்தான் பேத்திகளுக்குப் போய்ச் சேர முடியும். நல்ல தாயின் பெட்டைக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு சேவல் குஞ்சுகளைக் கறிக்கு விற்றுவிடும் நம் வழக்கத்தை இந்த நோக்கில் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாயின் கணக்கைக் குறித்து வைக்கும் பெட்டைப் பதிவேடு எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள மூத்த உறுப்பினரான அம்மா, நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தையே பதிவேடாக்கி நூலில் கோத்து வைத்திருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணை மூலையில் மணல் பரப்பிய ஓலைக்கூடையில், இடிக்குப் பயந்து வைக்கும் இரும்புத் துண்டோடும் காய்ந்த மிளகாயோடும், கீரிநிறச் சிறுவிடைக் கோழி ஒன்று அடையில் இருந்தது. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்து, இரத்த நாளங்கள் கிளைத்துத் தெரிந்தவற்றைத் திரும்ப வைத்து, ஒன்றும் தெரியாமல் வெளிறியிருந்தவற்றை எடுத்துவிட்டார். கோழி எப்போது இறங்கியது, தீனி தின்று மண்ணில் புரண்டு எப்போது திரும்ப ஏறியது, வேறு கோழி நெருங்கியபோது கொத்தியதா விலகியதா என்றெல்லாம் அத்தாளில் குறித்திருக்கிறார். 21ஆம் நாள் பொரித்தவை எத்தனை, கூமுட்டை எத்தனை, மூன்று மாதம் கழித்து நின்றவை எத்தனை என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அந்த மூன்று மாதக் கணக்கைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பொரித்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஆளான எண்ணிக்கையை எழுதி வைப்பதில்லை.

முட்டையிடும் பெட்டையைக் கையால் பார்த்து அறியும் முறையை மகளிர் உறுப்பினர்களுக்குச் செய்துகாட்டினோம். எருவாய்க்குக் கீழே உள்ள இரண்டு இடுப்பு எலும்பு முனைகளுக்கு இடையே இரண்டு மூன்று விரல்கள் தாராளமாகப் புகுந்தால் கோழி முட்டையில் இருக்கிறது. ஒரு விரலுக்கு மேல் புகாவிட்டால் ஓய்ந்திருக்கிறது. மஞ்சள் கால் கோழிகளில் இன்னோர் அடையாளமும் உண்டு. முட்டையிடத் தொடங்கியதும் உடம்பில் சேர்ந்த மஞ்சள் நிறமி கருவுக்குப் போவதால், முதலில் எருவாய், பிறகு கண் வளையம், அலகு, கடைசியாகக் கால் என்ற வரிசையில் வெளிறும். கால் வரை வெளிறிய பெட்டை நெடுநாளாக விடாமல் இடுகிறது என்று கொள்ளலாம். கருங்காலும் வெள்ளைக்காலும் உள்ள கோழிகளுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. வீட்டுக்கோழியின் இந்த மஞ்சள் தோல், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணுவால் அமைந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகெங்கும் உள்ள மஞ்சள் கால் கோழிகளுக்குத் தென்னாட்டுக் காட்டுப்பறவையிடமும் ஒரு பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமிதம் தரும் செய்தி.

ஒரே சேவலை ஊர் முழுவதும் சுற்றவிடும் வழக்கத்தை நிறுத்துவதற்காக, கூட்டத்தை ஐந்து கால்வழிகளாக, அதாவது தனித்தனி வம்சங்களாக, பிரித்திருக்கிறோம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு, வெட்டாறு ஆகிய கரைகளில் நான்கும், வேதாரண்யம் பக்கத்தில் ஐந்தாவதும் வளர்கின்றன. இதற்கான கணக்கு எளிது. ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் மட்டும் அடுத்த தலைமுறைக்கு மூலமானால், அந்த ஒரே தலைமுறையில் உள்இனச்சேர்க்கை (நெருங்கிய உறவுப் பறவைகள் தங்களுக்குள் சேர்வது) சுமார் 13.75 சதவீதம் கூடுகிறது. ஐந்து சேவல்களும் ஐம்பது பெட்டைகளும் மூலமானால் அது 2.75 சதவீதமாகக் குறைகிறது. எவ்வளவு சிறந்த சேவலாக இருந்தாலும் அதை மட்டும் நம்பினால் பொரிப்பு குறைவதும், குஞ்சுகள் நலிவதும், முட்டை இறங்குவதும் தவிர்க்க முடியாதவை. ஒவ்வொரு தலைமுறையிலும் பெட்டைகள் தங்கள் கரையிலேயே இருக்க, இளஞ்சேவல்கள் மட்டும் அடுத்த கரைக்கு இடம்பெயரும் சுழற்சி முறையைச் செயற்குழு ஏற்றுள்ளது. சேவல் மாற்றிய வீடுகளில் மூன்று வாரம் கழித்து விழும் முட்டைகளையே அடைக்கு எடுக்க வேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும் என்பதால், அவசரப்பட்டால் குஞ்சின் தந்தை யார் என்பதே தெரியாமல் போய்விடும்.

கால்வழிகளைக் கடலோரத்திலும் உள்பகுதியிலுமாகப் பிரித்து வைத்ததற்கு 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் தந்த பாடமும் ஒரு காரணம். அன்று டெல்டாவின் தென்பகுதி வீடுகளில் ஆடும் கோழியும் ஒரே இரவில் போயின. ஓர் ஊரில் மட்டும் வைத்திருக்கும் கால்வழிக்கு அத்தகைய ஓர் இரவு போதும்.

குஞ்சுகளை அடையாளப்படுத்தும் வேலை இளைஞர்களின் பொறுப்பில் நடந்தது. பொரித்த அன்றே கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் சிறு துளையிடும் முறையை எடுத்துக்கொண்டோம். இரண்டு கால்களிலும் சேர்த்து நான்கு சவ்வுகள் இருப்பதால், துளையுள்ளது, இல்லாதது என்ற வேறுபாட்டைக் கொண்டே 16 குடும்பங்களைப் பிரித்தறிய முடிகிறது. வளர்ந்த பிறகு கரைக்கு ஒரு நிறமாகக் கால் வளையம் இடப்படுகிறது. வளையம் கழன்றாலும் துளை நிற்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

பொரிப்பான் பெட்டி வாங்குவது பற்றிச் சில உறுப்பினர்கள் கேட்டிருந்தனர். விற்பனைக் குஞ்சுக்கு அது பயன்படும், 37.5 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காத்து, 18ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் அடுத்த தலைமுறைக்கென வைத்திருக்கும் இனமூலக் கூட்டத்தின் முட்டைகளை அதில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்டி வந்துவிட்டால் அடை உட்காராத பெட்டைக்கும் குஞ்சு கிடைக்கும். அடைக்குப் போகாததால் அதிக முட்டையிடும் அதன் குஞ்சுகளே கூட்டத்தில் பெருகும். யாரும் திட்டமிடாமலே தாய்மைக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துவிடும். அதிக முட்டைக்காக வளர்க்கும் வெள்ளை லெகார்ன் இனத்தில் அடைக்குணம் ஏறக்குறைய மறைந்தே போயிருக்கிறது. மின்சாரமும் பெட்டியும் இல்லாத ஒரு கூலி வீட்டில் இரண்டு பெட்டையை வைத்துக் குடும்பச் செலவைச் சமாளிக்கும் பெண்ணுக்கு அந்தக் குணமே முதலீடு.

சந்தையில் நாட்டுக்கோழி என்ற பெயரில் கிடைக்கும் கிரிராஜா, வனராஜா, கிராமப்பிரியா போன்றவை அதிக முட்டைக்கும் கறிக்குமாக ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய கலப்பினங்கள். அந்த நோக்கத்துக்கு அவை நல்லவை. வளர்ப்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றின் சேவல் நம் கால்வழிப் பெட்டைகளோடு சேர்ந்துவிட்டால், பல ஆண்டுகள் சேர்த்த கணக்கு கலங்கிவிடும். ஆகவே பதிவேட்டு வீடுகளில் கலப்பினச் சேவலை வைத்திருக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கழுத்தறுத்தான் கோழியைப் பேணுவதிலும் இவ்வாண்டு அக்கறை எடுத்தோம். கழுத்தில் இறகு இல்லாமைக்குக் காரணமான மரபணு தாய், தந்தை இருவரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் இறகு ஏறத்தாழ 20 சதவீதமும், இரு பக்கத்திலிருந்தும் வந்தால் ஏறத்தாழ 40 சதவீதமும் குறைகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மற்றக் கோழிகள் வாய் பிளந்து இரைக்கும்போது இவை சற்று இதமாக மேய்வதற்கு அதுவே காரணம். பார்வைக்கு அழகில்லை என்று இவற்றை முதலில் விற்றுவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

நோய்த் தடுப்பில் உறுப்பினர்கள் இன்னும் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்ற பேச்சு வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குப் பொருந்தாது. தடுப்பூசி போடாத கூட்டத்தை அது அடியோடு கொண்டுபோகும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வார அளவில் இறக்கைக்கு அடியில் ஊசி என்பதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமைப் பயன்படுத்திக்கொள்வதோடு, ஐயங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். சந்தையிலிருந்து வாங்கிய பறவையை மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் அடைத்து வைத்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

சேவல்களைச் சண்டைக்கு விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், அந்நோக்கத்துக்காக நமது கால்வழிச் சேவல்களை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற தீர்மானம் தொடர்ந்து நடைமுறையில் உள்ளது.

வரும் ஆண்டில் பெட்டைப் பதிவேட்டுக்கு ஒரே மாதிரியான அச்சிட்ட தாளை எல்லா வீடுகளுக்கும் வழங்கவும், ஆடி மாதத்துக்குள் முதல் சேவல் சுழற்சியை முடிக்கவும், தாயின் மூன்று மாதக் கணக்கு இல்லாத எந்தச் சேவலையும் இனமூலத்துக்கு எடுப்பதில்லை என்பதைச் சங்க விதியாகச் சேர்க்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பதிவேடு எழுதிய மகளிருக்கும், மழையில் கரை கரையாகச் சென்று குஞ்சுகளுக்கு அடையாளமிட்ட இளைஞர்களுக்கும், தடுப்பூசி முகாமில் துணைநின்ற கால்நடை மருத்துவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையையும் மேற்கண்ட மூன்று பரிந்துரைகளையும் பேரவை விவாதித்து ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்