பொட்டலத்தின் முன்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் உணவுப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்குப் பூச்சி மீது பகையும் இல்லை. மழை விட்டதும் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற ஊரிலிருந்து வந்தவர் என் தாத்தா. வறுத்த வெட்டுக்கிளியைத் தட்டில் வைத்தால் வேண்டியவர் எடுப்பார், வேண்டாதவர் நகர்ந்துவிடுவார். என் கவலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் வருவதைப் பற்றி.

அந்த 16இல் ஒன்றான மாவுப்புழுவை, அதாவது ஒரு வகை வண்டின் புழுவை, வெந்நீரில் முக்கி, உலர்த்தி, எள்ளைச் செக்கிலிட்டது போல் பிழிந்தால் கொழுப்பு தனியே வந்துவிடும். மிஞ்சும் பிண்ணாக்கை அரைத்துக் காரநீரில் கரைத்து, சக்கையை நீக்கி, அமிலம் விட்டால் புரதம் திரிந்து அடியில் படியும். உலர்த்தினால் மாவு. பிஸ்கட்டில் கலந்தபின் அதற்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. பொட்டலம் சொன்னால்தான் உண்டு.

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதிரி பிஸ்கட் கொடுத்தார்கள். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். "தடா, ஆன்ட்டி", அதாவது இல்லை, என்று நீட்டினாராம் விற்பனைப் பையன். பொய் என்று சொல்ல முடியுமா? இறைச்சி இல்லைதானே! மாலையில் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் நான் படித்தேன். ஆங்கிலத்தில், மாவுக்கும் சர்க்கரைக்கும் அடுத்து, மாவுப்புழுப் புரதம். அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். சொன்னதும் எழுந்து போய் வாய் கொப்பளித்தார். அன்றிரவு சாப்பிடவில்லை. "அந்தப் பையனைத் திட்டிடாதப்பா" என்றார். அவரைத் திட்டவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

பூச்சி கலந்திருப்பது பொட்டலத்தில் தெரிய வேண்டும் என்று விதித்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் தெரிவது யாருக்கு? முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதச் சொல்லுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் "அபாயம்" என்று தமிழில் எழுத இடம் கிடைக்கிறது. பிஸ்கட் பொட்டலத்திலும் கிடைக்கும்.

இது விரதக்காரர்களின் புலம்பல் மட்டுமல்ல. என் அக்கா மகனுக்கு இறால் ஆகாது. இறாலில் ஒவ்வாமை கிளப்பும் டிரோப்போமயோசின் என்ற புரதத்தின் நெருங்கிய உறவு இந்தப் புழுக்களிலும் உண்டு. 2021இல் மாவுப்புழுவை அனுமதித்தபோதே, இறால் வகை ஒவ்வாமை உள்ளவர்களை எச்சரிக்கும் வரி பொட்டலத்தில் வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியம்.

புரதக் கணக்கையும் பாருங்களேன். உணவில் புரதம் எவ்வளவு என்று அறிய, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது பழைய வழக்கம். புழுவின் தோலில் உள்ள, புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால், முழுப் புழுவுக்கு 4.76தான் பொருத்தம் என்று 2017இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பழைய கணக்கில் 50 கிராம் என்பது புதிய கணக்கில் 38 கிராம். மீதி 12 கிராம் காற்றுக்கும் நாங்கள்தான் காசு கொடுக்கிறோம் போலிருக்கிறது. வியாபாரிகள் கெட்டிக்காரர்கள்.

கோபத்தில் தடம் மாறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். முழுப் பூச்சியோ, அதன் புரதமோ, கொழுப்போ, எது கலந்தாலும் பொட்டலத்தின் முன்பக்கத்தில், தமிழிலும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதன் பக்கத்திலேயே இறால் ஒவ்வாமை எச்சரிக்கையும் இருக்கட்டும். இலவச மாதிரி கொடுக்கும் மேசைகளுக்கும் இது பொருந்தட்டும். அடுத்த புரட்டாசிக்குள் செய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் குடியிருப்பாளர் ஒருவர்