என்ஃபீல்டு துப்பாக்கி: சொல்லாமல் விட்ட பாதிக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 1857 கிளர்ச்சி பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் என்ஃபீல்டு துப்பாக்கியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, சிப்பாய்கள் இதை ஏந்தித்தான் ஆங்கிலேயரை எதிர்த்தார்கள் என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அந்தப் போரின் போக்கையே தீர்மானித்த விஷயம் இது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் 39 அங்குல நீளம், குழல் வாயின் விட்டம் 0.577 அங்குலம். குழலுக்குள் மூன்று பள்ளங்கள் முறுக்காக ஓடும். ஈயக் குண்டு அந்த முறுக்கில் சுழன்றபடி வெளியேறுவதால் திசை மாறாமல் போகும். அதற்கு முன் சிப்பாய்களிடம் இருந்த பிரவுன் பெஸ் வகைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். நூறு கஜத்தைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. என்ஃபீல்டு பழகிய ஒருவர் முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவரையும் குறிபார்த்துச் சுடலாம்.

கொழுப்புத் தோட்டா கதை எல்லோருக்கும் தெரியும். வெடிமருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலம் அது. குண்டு இருக்கும் முனையில் கொழுப்பு தடவியிருக்கும். மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கஜக்கோல் என்ற நீண்ட கம்பியால் இடித்து இறக்க வேண்டும். அது இந்துக்களுக்கு ஆகாத பசுவின் கொழுப்பு, முஸ்லிம்களுக்கு ஆகாத பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம்மில் கிளம்பியது. அந்த மாதக் கடைசியிலேயே, சிப்பாய்கள் தங்களுக்கு விருப்பமான எண்ணெயையோ நெய்யையோ தடவிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. அப்புறம் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் பயிற்சி முறையை மாற்றினார்கள். ஆனால் நம்பிக்கை அதற்குள் போய்விட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 90 வீரர்களை அணிவகுத்து நிறுத்தியபோது 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை வழக்கமான பழைய தோட்டாக்கள்தான். பத்தாண்டு கடுங்காவல் என்று தீர்ப்பாகி, மே 9 அன்று எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

இங்கேதான் உங்கள் படக்குறிப்பு தவறுகிறது. புதிய துப்பாக்கிக்கான பயிற்சி டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று முகாம்களில் மட்டுமே தொடங்கியிருந்தது. பெரும்பாலான சிப்பாய்கள் என்ஃபீல்டைக் கையில் வாங்கவே இல்லை. அவர்கள் பழைய வழவழப்புக் குழல் துப்பாக்கியோடுதான் போருக்குப் போனார்கள். என்ஃபீல்டு எதிர்ப்பக்கம் இருந்தது. 1857 ஜூலை 12 அன்று பதேபூரில் ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் படை சிப்பாய்களை மிகச் சில நிமிடங்களில் முறியடித்தது. ஹேவ்லாக் தன் படைக்கு வெளியிட்ட பாராட்டு உத்தரவில் பீரங்கிகளுக்கு அடுத்தபடியாக என்ஃபீல்டின் பெயரைத்தான் சொல்கிறார்.

அந்தப் படையில் இருந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவு. அதன் தலைவன் கர்னல் நீல், அலகாபாத்திலும் கான்பூரிலும் செய்த கொடுமைகளால் அறியப்பட்டவன். அவனுக்கு மவுண்ட் ரோட்டில் வைத்த சிலையை எதிர்த்து 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை காலத்தில் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. நீல் சிலைப் போராட்டத்தைப் பெருமையோடு நினைக்கும் நாம், சென்னையிலிருந்து புறப்பட்ட அந்தப் படையின் கையில் என்ன இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கிளர்ச்சி அடங்கிய பிறகு இந்தத் துப்பாக்கி என்ன ஆனது? என்னை மிகவும் பாதித்தது இந்தப் பகுதிதான். இந்தியச் சிப்பாய்களுக்கு என்றே 1858இல் ஒரு மாதிரி வந்தது. பார்வைக்கு அப்படியே என்ஃபீல்டு. ஆனால் குழலுக்குள் இருந்த பள்ளங்களைக் கடைந்து எடுத்து, வாயை 0.65 அங்குலத்துக்கு மேல் அகலமாக்கி வழவழப்பாக்கிவிட்டார்கள். தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக் குறிபார்க்கும் தகட்டையும் எடுத்துவிட்டு, அசையாத ஒரு சிறு கட்டையை வைத்தார்கள். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்துபோனது. அதனால் 1859இல் தடித்த சுவரோடு புதிய குழலே செய்தார்கள். தங்களுக்காக உயிரைக் கொடுக்கச் சேர்த்த வீரனின் துப்பாக்கியைத் தெரிந்தே மழுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக ஓர் அரசு தன் பயத்தை இரும்பில் எழுதிவைக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் வீரர்கள் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஸ்னைடர் துப்பாக்கிக்கு 1860களில் மாறினார்கள். இந்திய வீரர்களுக்கு அது பரவலாகக் கிடைக்கும் சமயத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் அதைவிடப் புதிய மார்ட்டினி ஹென்றிக்குப் போய்விட்டார்கள். இந்தியர்களிடம் மார்ட்டினி வந்தபோது பிரிட்டிஷாரிடம் அதற்கும் அடுத்த லீ மெட்ஃபோர்டு. மலைப் பீரங்கிப் படைகள் சிலவற்றைத் தவிர பீரங்கியையும் இந்தியர் கையில் விடவில்லை.

அருங்காட்சியகங்களில் இந்தத் துப்பாக்கிகளுக்கு 'என்ஃபீல்டு, 19ஆம் நூற்றாண்டு' என்று ஒரே வரிதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறது. குழலுக்குள் பள்ளம் உண்டா, பின்பக்கக் குறிபார்க்கும் தகடு நகருமா நகராதா என்ற இரண்டையும் சேர்த்து எழுதினாலே, அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். பொறுப்பில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டும். நீங்களும் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி, 1858க்குப் பிறகான கதையை வரும் இதழ் ஒன்றில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சி.