பறக்கும் தட்டுக்கு என்ன கலர்?

தூத்துக்குடி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல். கொஞ்சம் தெளிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், நீதான் பிடித்து வைக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் காலையில் வாசலில் கோலம் போடுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பறக்கும் தட்டுப் படம் கொடுத்துக் கலர் அடிக்க விடுகிறாயாமே, அதில் என்ன படிப்பு இருக்கிறது?" என்று எழுதியிருந்தாய். நிறைய இருக்கிறது, சாந்தி. இந்த ஒரு கேள்விக்கே இந்தக் கடிதம் முழுவதும் போய்விடும் போலிருக்கிறது.

ஆப்பிள் படமோ கிளிப் படமோ கொடுத்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பிள்ளை நீலத்தைக் கையில் எடுத்ததுமே பின்னால் நிற்கும் அம்மா "ஆப்பிள் சிவப்புடா" என்று சொல்லிவிடுவார். பக்கத்துப் பிள்ளையும் சிரிக்கும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எது சரியான கலர் என்று யாரிடமாவது கேட்டுக் கேட்டுத்தான் அடிக்கும். பறக்கும் தட்டில் அந்த வேலையே இல்லை. அது என்ன கலர் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, யாருமே பார்த்ததில்லை. பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். "ஏன் இந்தக் கலர்?" என்று நான் கேட்டால் ஒரு காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன்.

ஒரு பையன் தட்டு முழுவதையும் கருப்பாக அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பாட்டி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். அவனிடம் கேட்டேன். "ராத்திரியில வருது மிஸ். யாரும் பாக்கக் கூடாதுல்ல?" என்றான். இன்னொரு பிள்ளை பாதி அடித்துவிட்டு, "ஸ்கின் கலர் எங்க மிஸ்?" என்று டப்பாவைக் கிளறியது. அந்த வெளிர் ரோஸ் பென்சிலைத்தான் நம் பிள்ளைகள் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள். யாருடைய ஸ்கின் அது? அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர் கையிலும் அந்த நிறம் இல்லை. அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி அந்தக் கிரேயானுக்கு வைத்திருந்த 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே எடுத்துவிட்டது. இங்கே இன்னும் பழக்கம் விடவில்லை. "ஏலியனுக்கு ஸ்கின் என்ன கலர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஊதாவும் பழுப்பும் கலந்து, கோடு கோடாக அடித்தது.

இப்படிக் கேட்கத் தொடங்கினால் அறிவியல் தானாக உள்ளே வந்துவிடும். படத்தில் ஏலியன் ஊர் என்று செடி மரமெல்லாம் வரைந்திருப்பேன். அநேகமாக எல்லோரும் செடிக்குப் பச்சைதான் அடிப்பார்கள். நாசாவில் நான்சி கியாங் என்ற விஞ்ஞானி தன் குழுவோடு இதைப் பற்றித்தான் ஆராய்ந்தார், 2007-இல் கட்டுரையாக வந்தது. நம் சூரியனைவிட மங்கலான சிவப்புக் குள்ள விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் செடிகொடி இருந்தால், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ள அவை கருப்பாகக்கூட இருக்கலாம் என்கிறார்கள். இதைச் சொன்னதும் கருப்புக் கிரேயானுக்கு அடிதடி. செவ்வாய்க்கும் அப்படித்தான். பகலில் அங்கே வானம் மஞ்சள் கலந்த பழுப்பு. சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலமாகத் தெரியும். காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசிதான் காரணம். நமக்கு நேர் தலைகீழ். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் மறந்துபோகும். தன் கையால் நீல அந்தி அடித்த பிள்ளை மறக்காது.

இப்போது ஒரு கதை. இதை உன் வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனது. அதற்கு முன் எந்த விண்கலமும் அந்தக் கோளைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பியதில்லை. எடுத்த படத்தை டேப்பில் பதிந்துவைத்து, எண்களாக மாற்றிப் பூமிக்கு அனுப்பியது. அந்தக் காலத்து வேகத்தில் ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கலிபோர்னியாவில் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்களுக்கு ஒரு கவலை: டேப் ரெக்கார்டர் சரியாக வேலை செய்ததா இல்லையா? கம்ப்யூட்டர் படமாக்கித் தரும்வரை பொறுமையும் இல்லை. அதனால் வந்த எண்களை நீள நீளக் காகிதப் பட்டைகளில் அச்சடித்து, வரிசையாகச் சுவரில் ஒட்டி, இந்த எண்ணுக்கு இந்தக் கலர் என்று வைத்துக்கொண்டு கையாலேயே கலர் அடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்! ரிச்சர்ட் கிரம் என்ற பொறியாளர் சாம்பல் நிறத்தில் பல சாயல்களில் சாக்பீஸ் கேட்டுக் கடைக்குப் போனார். கடையில் இருந்தது பேஸ்டல் என்ற ஓவியக் கலர்க் குச்சிதான். அதில் பழுப்பு, சிவப்பு, மஞ்சள் வகைகளை எடுத்துக்கொண்டு வந்து எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். செவ்வாயின் விளிம்பும் அதற்கு மேலே இருண்ட வானமும் சுவரில் தெரிந்தன. விண்கலம் எடுத்த முதல் செவ்வாய்ப் படத்தை உலகம் பார்த்தது இப்படித்தான், நம் பிள்ளைகள் செய்யும் அதே வேலையில். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஆய்வகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததிலிருந்து நானும் அதையே செய்ய வைக்கிறேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் இரண்டு போதும். ஒன்றில் சின்னதாக ஒரு பறக்கும் தட்டைக் கட்டங்களில் எண்களாக எழுதிவிடுவேன். 0 என்றால் கருப்பு, 1 என்றால் நீலம், 2 என்றால் மஞ்சள், இப்படி. இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் விண்கலம், இன்னொருவர் பூமி. விண்கலம் வரிசை வரிசையாக எண்ணை வாசிக்க, பூமி கட்டத்தில் கலர் அடிக்கும். முதல் சில வரிசைகளில் ஒன்றும் புரியாது, வெறும் கருப்பு. நடுவில் வந்ததும் "ஏய், தட்டு வருது!" என்று ஒரு சத்தம் கேட்கும் பார், அதற்காகவே நீ இதைச் செய்து பார்க்க வேண்டும். ஓர் எண்ணை விட்டுவிட்டு வாசித்தால் அந்த வரிசை முழுவதும் ஒரு கட்டம் தள்ளிப்போய், தட்டு நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும். எங்கே பிசகியது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடுவார்கள். செல்போனில் தெரியும் படமெல்லாம் இப்படிப் புள்ளி புள்ளியாக, எண் எண்ணாகத்தான் இருக்கிறது என்று அப்போது சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கோட்டுக்குள் கலர் அடிப்பது பிள்ளைகளின் கற்பனையைக் கெடுக்கும் என்று டிரெயினிங்கில் நம் மேடம் சொன்னதை நீ ஞாபகப்படுத்தியிருந்தாய். அது வெறும் பேச்சில்லை. ஓவியக் கல்வியில் பெரிய பெயர் விக்டர் லோவன்ஃபெல்ட், ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1947-லேயே அவர் கலரிங் புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பெரியவர் வரைந்த படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, தனக்கு வரையத் தெரியாது என்று கையை மடக்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். நம் ஊரில் கண்ணாரப் பார்க்கிறோமே, மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, தென்னை மரம் என்று ஆயிரம் பிள்ளைகளும் ஒரே படம்தான் வரைகிறார்கள்.

ஆனால் அதற்காகக் கோட்டுப் படத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கிரேயானை மூன்று விரலில் பிடித்து, நினைத்த இடத்தில் நிறுத்தப் பழக அது உதவும். எழுதும் கைக்கு அதுவே அஸ்திவாரம். அந்த வயதுக்குக் குண்டுக் கிரேயான், தடித்த கோடு, பெரிய வடிவம் மட்டும் கொடு. பெரிய பிள்ளைகளுக்கு நான் பாதித் தாளை வெறுமையாக விட்டுவிடுவேன். தட்டு மட்டும் மேலே இருக்கும், அது எங்கே இறங்குகிறது, உள்ளே யார் என்பதெல்லாம் அவர்கள் வரைய வேண்டும். சில தாளில் தட்டின் இடது பாதி மட்டும்தான் இருக்கும், வலது பாதியை அவர்கள் முடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதுதான் சமச்சீர் என்ற கணக்குப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

தட்டு வடிவமே தேவையில்லை என்றும் சொல்லிக்கொடுக்கிறேன். லோவன்ஃபெல்ட் எழுதிய அதே 1947-இல், ஜூன் 24 அன்று, கென்னத் அர்னால்டு என்ற விமானி அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் வீசிய தட்டு தத்தித் தத்திப் போவதுபோல அவை போயின என்றார். ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படத்தில் இருந்தது முழு வட்டம் இல்லை, முன்பக்கம் வளைந்து பின்பக்கம் குறுகிய ஓர் உருவம். பத்திரிகைகள் தட்டு என்று போட்டன, அன்றிலிருந்து உலகமே தட்டுதான் வரைகிறது. இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் வரைந்த கலங்களை நீ பார்க்க வேண்டும். முருங்கைக்காய் நீளத்தில் ஒன்று, ஆமை போல ஒன்று, ஜன்னலே இல்லாத ஒன்று.

"நிஜமாவே ஏலியன் இருக்கா மிஸ்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். நேராகப் பதில் சொல்லிவிடு: இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில், பறக்கும் தட்டைப் பார்த்தோம் என்பதுபோல வந்த 12,618 தகவல்களை விசாரித்து, 701-ஐத் தவிர மற்றதற்கெல்லாம் விளக்கம் கண்டார்கள். பலூன், விமானம், வெள்ளிக் கோள், எரிகல் என்று. விளக்கம் கிடைக்காத 701-உம் ஏலியன் என்று அர்த்தமில்லை, என்னவென்று தெரியவில்லை என்பதோடு சரி. பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம்.

கடைசியாக ஒன்று. 1977-இல் நாசா அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும், ஏலியன் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று தங்க முலாம் பூசிய ஓர் ஒலித்தட்டு வைத்து அனுப்பினார்களே, அதில் 55 மொழிகளில் வணக்கம் பதிவாகி இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. எனக்கு அது மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால் கலர் அடித்து முடித்ததும் தாளின் கீழே, வருகிறவர்களுக்குத் தமிழில் என்ன சொல்வாய் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். "வாங்க, சாப்டீங்களா?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள். ஒரு பிள்ளை மட்டும், "எங்க ஊர்ல வெயில் ஜாஸ்தி, சாயங்காலமா வாங்க" என்று எழுதியிருந்தது.

இதோடு நான் வரைந்த தாள்களில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். எண் கட்டத்தாளும் இருக்கிறது, ஜெராக்ஸ் எடுத்துக்கொள். மெழுகுக் கிரேயானில் அழுத்தி அடித்துவிட்டு மேலே தண்ணீராகக் கரைத்த நீலத்தைத் தடவச் சொல். மெழுகு இருக்கும் இடத்தில் நீலம் ஒட்டாது, இரவு வானத்தில் தட்டு பளிச்சென்று நிற்கும். கீழே பழைய பேப்பர் விரிக்க மறந்துவிடாதே. உன் பிள்ளைகள் அடித்ததில் நாலைந்தை எனக்கு அனுப்பு, நூலகச் சுவரில் ஒட்டுகிறேன். எழுதிய வரிகளோடு அனுப்ப வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

அண்ணனுக்கு என் வணக்கம். பொங்கல் லீவில் இரண்டு நாளாவது வந்து தங்கிவிட்டுப் போடி.

அன்புடன்,
மீனா