முதலில் அப்பா, பிறகு நீ

கிளிநொச்சி

அன்பு மகன்,

சதையியில் (கணையத்தில்) புற்றுநோய் வந்த பெரியப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு கொழும்பிலிருந்து வந்துவிட்டது. பி.ஆர்.சி.ஏ. 2 என்ற பரம்பரையலகில் (மரபணுவில்) விகாரம், ஐந்தாம் வகுப்பு என்று போட்டிருக்கிறது. நோய் தரும் மாற்றம் என்று உறுதியானதைத்தான் அப்படிக் குறிப்பார்கள். சதையிப் புற்றுநோய் வந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படிப் பிறப்போடு வந்த காரணம் இருக்கும்.

நானும் உடனே இந்தப் பரிசோதனையைச் செய்யட்டோ என்று கேட்டாய். பொறு ராசா, முதலில் அப்பா செய்யட்டும். பெரியப்பாவிடம் இருப்பது அவரிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரிடம் இல்லையென்றால் உனக்கும் தங்கச்சிக்கும் அவர் வழியாக வராது. இது ஒரு தலைமுறையை விட்டு அடுத்ததில் பாய்வதில்லை. இருந்தால் உங்கள் ஒவ்வொருவருக்கும் மறுபடி பாதி வாய்ப்பு.

அறிக்கையின் படத்தை வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். பரம்பரையலகின் பெயருக்குப் பக்கத்தில் விகாரம் எந்த இடத்தில் என்று சொல்லும், எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி இருக்கும். அதைக் கையால் பார்த்தெழுதிக் கொடுக்காதே. ஒரு இலக்கம் பிசகினாலும் ஆய்வுகூடம் வேறு இடத்தைத் தேடி "ஒன்றுமில்லை" என்று அனுப்பும், நீயும் நிம்மதியாக இருந்துவிடுவாய். தாளை அப்படியே காட்டு. மூன்றாம் வகுப்பென்று வந்திருந்தால் கதை வேறு. கெடுதலா இல்லையா என்று தீராத மாற்றம் அது. அதை வைத்துச் சொந்தக்காரரைச் சோதிப்பதும் இல்லை, சத்திரசிகிச்சைக்குப் போவதும் கூடாது. எங்கள் ஆட்களின் தரவு உலகச் சேமிப்புகளில் குறைவாக இருப்பதால் எங்களுக்கு மூன்றாம் வகுப்பு அடிக்கடி விழும்.

டொக்டர் மூன்று தலைமுறை விபரம் கேட்பார். இங்கே அது லேசில்லை. கிளினிக் கொப்பிகள் 2009 சண்டையில் போன போக்கில் போய்விட்டன. எத்தனை வயதில் வந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 95 இடப்பெயர்வுக்கு முன்னமோ, ஜெயசிக்குறு சண்டை நேரமோ, 2009இல் மாத்தளனுக்குப் போகமுன்னமோ என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். அதிலிருந்து வயதைக் கணக்குப் பார். நோயின் பெயரும் நேராக வராது. அப்பம்மா செங்கமாரியில் (மஞ்சள் காமாலையில்) போனவ என்கிறா அப்பாவோடு பிறந்த மாமி. நோவில்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் சொறிந்து, மலம் வெளிறி, ஆறு மாதத்துக்குள் எலும்பும் தோலுமான செங்கமாரி அது. சதையியின் தலைப் பக்கத்துக் கட்டி பித்தக்குழாயை நெரித்தாலும் இதேதான் தெரியும். இனி நிரூபிக்க வழியில்லை, ஆனால் வெறும் பெயரை எழுதாமல் இந்த அடையாளங்களை எழுது. ஐம்பது தாண்டித் திடீரென்று சலரோகம் (நீரிழிவு) வந்து கூடவே மெலிந்தவர்களையும், 41 வயதில் மாமிக்கு வந்த மார்புப் புற்றுநோயையும் சேர். ஷெல்லில் போனவர்களையும் வயதோடு எழுது. முப்பதில் போனவரிடம் ஐம்பதில் வரும் நோயைக் காணமுடியாது. எங்கள் வம்சத்தில் புற்றுநோய் குறைவு போலத் தெரிவதற்கு அதுவும் காரணம்.

விகாரம் இருந்தாலும் சதையிப் புற்றுநோய் வருவது நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களில் ஒருவர், இருவர். கண்காணிப்பு 50 வயதில், அல்லது குடும்பத்தில் ஆகக் குறைந்த வயதில் வந்தவருக்குப் பத்து வருடம் முன். பெரியப்பாவுக்கு வந்தது 54இல், ஆகவே விகாரம் இருந்தால் உனக்கு 44இல் தொடங்கவேண்டும். அப்பாவுக்கு இப்போது 52, இருந்தால் இந்த வருடமே தொடங்கவேண்டும். வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., அல்லது வாய்வழிக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கான். சாதாரண வயிற்று ஸ்கான் போதாது, குடல் காற்று சதையியின் வால் பக்கத்தை மறைத்துவிடும். சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனையை நம்பி இருக்காதே. சிலருடைய உடம்பு அதை உண்டாக்குவதே இல்லை. சிகரெட் ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். நீ விட்டதை விட்டதாகவே வைத்திரு.

நீ இருக்கும் கனடாவில் 2017 சட்டப்படி காப்புறுதிக் கம்பனி இந்த முடிவைக் காட்டு என்று உன்னை வற்புறுத்த முடியாது.

எனக்குக் கவலை தங்கச்சியைப் பற்றித்தான். பி.ஆர்.சி.ஏ. 2 இருந்தால் மார்புக்கு 25 வயதிலிருந்தே வருடாவருடம் எம்.ஆர்.ஐ. வேண்டும், அவளுக்கு இப்போது 27. அதோடு மாமி தன் மகனுக்கு அவளைக் கேட்கிறா. மச்சான், மச்சாள் இருவரிடமும் இது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, பன்கோனி என்ற கடுமையான இரத்தசோகை வர. கல்யாணத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமியும் சோதிக்கட்டும், முடிவுகள் கைக்கு வந்தபின் நாள் பார்ப்போம்.

அப்பா வெள்ளிக்கிழமை இரத்தம் கொடுக்கிறார். உமிழ்நீரும் எடுப்பார்கள், ஆனால் அதற்கு அரை மணித்தியாலம் முன்னரே வெற்றிலையை விடவேண்டும். முடிவு வந்த அன்றே படம் அனுப்புவேன்.

அன்புடன்,
அம்மா