இளைஞர் அறைக் கணினியைக் கழித்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

இளைஞர் அறையில் பிள்ளைகள் விளையாடும் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 25,000 ராண்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கத் தீர்மானம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். நான் இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் 14 வருடமாகக் கணினி பழுதுபார்த்துப் பிழைப்பவன். இதே பள்ளியில்தான் அ, ஆ எழுதப் பழகினேன். நீங்கள் கையெழுத்துப் போடும் முன் என் பேச்சையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் குறை சொல்வதில் பொய்யில்லை. அந்தக் கணினி 2017-இல் பாகம் பாகமாகப் பூட்டியது: ரைசன் 5 1600 ப்ராசஸர் (கணினியின் மூளை), பி350 மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை), 16 ஜிபி ராம் (வேலை நினைவகம்), ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு (காட்சிகளை வரைவது). அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் 1600 இல்லை. புது விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்தக் கார்டின் தலைமுறைக்குத் தருவதை, அதன் சிப்பைச் செய்த என்விடியாவும் அதே அக்டோபரில் நிறுத்திவிட்டது. ‘இனி இதில் ஒன்றும் செய்ய முடியாது’ என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் நான் மறுக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை விளையாடவிட்டு, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று திரையின் ஓரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். காட்சிகள் கனமான விளையாட்டில் கார்டு 99 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ப்ராசஸருக்குப் பாதி வேலைகூட இல்லை. வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டில் நிலைமை நேர்மாறு. கார்டு சும்மா இருக்க, ப்ராசஸரின் ஓரிரு கோர்கள் (அதன் உள்பிரிவுகள்) மூச்சுத் திணறின. ஆக, வேகத்துக்காக மாற்ற வேண்டியவை இந்த இரண்டும்தான். ராமும் மதர்போர்டும் கேபினெட்டும் நன்றாகவே இருக்கின்றன.

அந்த மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். இந்தப் பழைய போர்டுகளிலும் 5000 வரிசை ப்ராசஸர்கள் ஓட 2022-இல் ரைசனைச் செய்யும் ஏஎம்டி நிறுவனம் வழிவிட்டது. ரைசன் 5 5600 போட்டால் வேகமும் கூடும், விண்டோஸ் 11 பட்டியலிலும் இடம் கிடைக்கும். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் கேட்கும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) திறந்துவிட்டால் போதும். ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு ஒன்று சேர்த்தால் முழு எச்டி திரைக்குத் தாராளம். புதுக் கணினி என்றால் பெரும்பாலும் டிடிஆர்5 என்ற புது வகை ராமும் வாங்க வேண்டிவரும். 2025 கடைசியிலிருந்து, ஏஐ நிறுவனங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை எகிறிக் கிடக்கிறது. கையில் இருக்கும் 16 ஜிபியைத் தூக்கி எறிகிற காலமா இது?

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளையை மாற்றியே தீர வேண்டும். 2023-இல் நாம் பட்ட பாடு நினைவிருக்கும். லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் நிலை வரை போய், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது! போகும்போது அவ்வளவு கேடில்லை, திரும்பி வரும்போது எகிறும் மின்னழுத்தம்தான் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கூடவே டர்பனின் ஈரக்காற்று. அத்தனையையும் தாங்கிய பழைய பவர் சப்ளையில் புதுக் கார்டை மாட்டச் சொன்னால் நான் மாட்ட மாட்டேன். புது ப்ராசஸரை மதர்போர்டு ஏற்க பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், அதிலும் அதே எச்சரிக்கை வேண்டும்: பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் யுபிஎஸ்ஸில் இணைத்துத்தான் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும். யுபிஎஸ்ஸை நான் கொண்டுவருகிறேன்.

எல்லாப் பழைய கணினிக்கும் இதையே சொல்ல மாட்டேன். போன வருடம் என் மேசைக்கு வந்த ஒன்றில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்தக் கம்பெனியின் தனி வடிவம். வேறு எதுவும் பொருந்தாது. ப்ராசஸரும் இன்டெல் நாலாம் தலைமுறை. புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்தக் குடும்பத்திடம் நானே சொன்னேன். உங்களுக்கு விலை சொல்லியிருக்கும் புதுக் கணினியும் அப்படிப்பட்ட தனி வடிவம்தான் என்பதைக் கவனியுங்கள். ஐந்து வருடம் கழித்து அதில் மதர்போர்டையோ பவர் சப்ளையையோ கடையில் வாங்கி மாற்றுவது கஷ்டம்.

நான் விசாரித்த வரையில் ப்ராசஸர், கார்டு, பவர் சப்ளை, கோப்புகளைச் சேமிக்கும் 1 டிபி எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 10,000 ராண்டைத் தாண்டவில்லை. கூலி வேண்டாம். நம் பெண்கள் விடியற்காலையில் அண்டா ஏற்றிப் பிரியாணி விற்றுச் சேர்த்த பணம் இது. மிச்சமாகும் 15,000 ராண்டில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கலாம். வகுப்பறைக் கூரை ஒழுகுவதையும் அடைக்கலாம்.

விளையாட்டுக்கு எதற்குச் செலவு என்று கேட்கும் தாத்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள் என்றால், அதற்குப் பின் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரமும் ஒரு காரணம். ‘விடு, விடு, பின்னால வர்றான்’ என்று அவர்கள் கத்துவதை நான் காதால் கேட்டேன். அந்தத் தமிழ் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல.

எப்படி முடிவெடுத்தாலும் பழைய பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட வேண்டாம். மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவது 2021 ஆகஸ்ட் 23 முதல் நம் நாட்டில் சட்டப்படி தடை. கழற்றும் ப்ராசஸரையும் கார்டையும் நானே எடுத்துப்போய் மறுசுழற்சி செய்பவர்களிடம் சேர்க்கிறேன்.

தீர்மானத்தை ஒரு கூட்டம் தள்ளிவையுங்கள். வரும் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் கணினியைத் திறந்து ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுகிறேன். பொருளாளர் அக்கா கட்டாயம் வர வேண்டும். விலைச்சீட்டுகளை அவரிடமே கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்