கல்லையும் அது நின்ற இடத்தையும் காத்தவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாலையோரங்களில் நிற்கும் பழைய மைல்கற்களையும் சுமைதாங்கிகளையும் பதிவு செய்யும் வேலைக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி பொக்லைன் ஓட்டுநர்களுக்கும் சாலைப் பணியாளர்களுக்கும்தான். சாலையை அகலப்படுத்தும்போது ஒரு கல் பிழைப்பதும் புதைவதும் உங்கள் கையில் இருக்கிறது. எழுத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தித் தகவல் சொன்னீர்கள். கல்லைத் தூக்குமுன் நான்கு முகங்களையும் படம் எடுக்கவும், எழுத்துள்ள முகம் பார்க்கும் திசையைக் குறிக்கவும், பக்கத்துக் கிணறு, சிறுபாலம் என அசையாத இரண்டு இடங்களிலிருந்து தூரம் அளக்கவும் பொறுத்திருந்தீர்கள். சங்கிலி போட்டால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். நைலான் பெல்ட்டுக்கு அடியில் நனைந்த சாக்கை மடித்து வைத்தது உங்கள் யோசனை.

இவ்வளவு அளவெடுப்பது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதியமான் பெருவழி என்ற பழைய நெடும்பாதையின் கற்களே பதில். தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கற்கள் அவை. ஒன்று நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (காதம் என்பது பழைய தூர அளவு) என்கிறது. மற்றொன்று 27 காதம். படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காக எண்ணைக் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள்: பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. ஆக முதல் கல்லில் 2 பெரியவை, 9 சிறியவை. அடுத்ததில் 2 பெரியவை, 7 சிறியவை. இரு கற்களும் முதலில் நின்ற இடம் உறுதியானால் அந்த 2 காதத்தை நிலத்திலேயே அளந்துவிடலாம், பாதை போன போக்கும் பிடிபடும். அழகுக்காக ஊர் மந்தையில் கொண்டுபோய் நட்ட மைல்கல்லில் எழுத்து அப்படியே இருக்கும். அது சொல்லும் தூரம் மட்டும் பொய்யாகிவிடும்.

சுமைதாங்கிகளைக் காட்டித் தந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அடுத்த நன்றி. தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைக்கும் உயரத்தில் இருக்க வேண்டிய குறுக்குக்கல், பல இடங்களில் முழங்கால் உயரத்துக்கு வந்து, உட்காரும் திண்ணையாகிவிட்டது. கல் இறங்கவில்லை, சாலைமேல் சாலை போட்டுத் தரை ஏறிவிட்டது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வைத்தது என்பதை நீங்கள் சொல்லித்தான் பல கற்களுக்குக் குறித்தோம். எழுத்து இருந்தால் பெரும்பாலும் குறுக்குக்கல்லின் பக்கவாட்டில்தான் இருக்கும். மேலே தேடிப் பயனில்லை.

எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்காமல் பார்த்துக்கொண்ட பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்குத் தனி நன்றி. சாக்பீஸ் போட்டவர் ஊகித்த எழுத்தைத்தான் அடுத்து வருபவரும் படிப்பார். 3 ஒரே நாளில் 8 ஆகிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, இடம், வலம், மேல் என மூன்று படம் எடுங்கள். மங்கிய கீறலும் நிழல் விழுந்து தெரியும். உங்கள் மாணவர்கள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் எங்களுடையதைவிடத் தெளிவு!

மைப்படி எடுக்க, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுக்க, உதவிய கல்வெட்டுத் துறை அன்பர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். தேங்காய்நார்த் தூரிகையும் தண்ணீரும் போதும், கம்பித்தூரிகையும் அமிலமும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். நனைத்த மேப்லித்தோ தாளைக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தூரிகையால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். தாள் பாதி காய்ந்த பிறகே விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையை மெல்ல ஒற்ற வேண்டும். ஈரத்தில் ஒற்றினால் மை ஊறிக் கல்லில் கறை படியும். முழுதும் காயவிட்டால் தாள் எழும்பிவிடும். காற்றடிக்கும் மதியத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கற்களை அதே ஓரத்தில், அதே திசை பார்த்து மறுபடி நட அனுமதித்த நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களுக்கு நன்றி. சிமெண்டுக்குப் பதில் ஜல்லியும் மண்ணும் இட்டுக் கெட்டிக்க ஒப்புக்கொண்டது பெரிய உதவி. சிமெண்டு அடிவரிகளை மூடிவிடும், அடுத்த முறை கல்லை உடைக்காமல் எடுக்கவும் முடியாது. ஒரு வேண்டுகோளும் உண்டு. கிலோமீட்டர் கற்களுக்கு வண்ணம் பூசும்போது பழைய மைல்கற்களை விட்டுவிடச் சொல்லுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் சிம்பால் எடுத்துவிடலாம்; எண்ணெய்ப் பெயிண்ட் எழுத்துப் பள்ளத்தை அடைத்துக்கொண்டால் அதை எடுக்கத் தேர்ந்த ஆள் வேண்டும்.

கடப்பாரை, குடம், ஏணி எல்லாம் கொடுத்துதவிய தேநீர்க் கடைக்காரர்களுக்கும் நன்றி. உங்கள் பகுதிக் கற்களின் படங்களும் அளவுக் குறிப்புகளும் அந்தந்த ஊர்ப் பள்ளியிலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதி இருக்கின்றன. திருத்தம் இருந்தால் அதன் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
சாலையோரக் கற்களைப் பதிவு செய்யும் நண்பர்கள்